சிங்காசனம் போன பின்

பெயர்கள் வருகின்றன.

ஆபிரகாம். ஈசாக்கு. யாக்கோபு. யூதா.

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு 'பெற்றான்'. ஒரு சிறு மூச்சு. மறுபடி பெயர்.

மத்தேயு, முதல் அதிகாரம். பதினேழு வசனம். நட்சத்திரம் இன்னும் தோன்றவில்லை. சாஸ்திரிகள் கிழக்கிலிருந்து புறப்படவில்லை. பெயர்கள் மட்டும்.

வேதாகமத்தின் தாள் மெல்லியது. மறுபக்கத்து எழுத்து அடியில் நிழலாடுகிறது.

*

முதல் வசனத்தில் இரண்டு முன்னோர். தாவீது. ஆபிரகாம்.

வயதில் ஆபிரகாம் பல நூற்றாண்டு மூத்தவன். வரியில் தாவீது முந்திக்கொள்கிறான்.

ராஜா முதலில் வருகிறான். விசுவாசத்தின் தகப்பன் பின்னால் நிற்கிறான்.

கண் அங்கேயே நிற்கிறது. கொஞ்ச நேரம் வேறெங்கும் போக மனமில்லை.

*

செப்டம்பர் 8. மரியாளின் பிறந்தநாள். வேளாங்கண்ணியில் திருவிழா நிறைவுறும் நாள். கத்தோலிக்கத் திருப்பலிக்கு அன்றைய நற்செய்தி இந்தப் பட்டியல். டிசம்பர் 17 அன்றும் இதுவே.

வாசிக்கிறவர் நிதானமாகப் போகிறார். அம்மினதாப். நகசோன். சல்மோன்.

யாரும் தலையசைப்பதில்லை. யாரும் கண்ணீர் விடுவதில்லை. எங்கோ ஒரு குழந்தை சிணுங்குகிறது. பெயர்கள் அதன்மேல் கடந்துபோகின்றன.

*

1714. தரங்கம்பாடி. சீகன்பால்க் மொழிபெயர்த்த நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் தமிழில் அச்சேறுகின்றன.

புதிய ஏற்பாடு தொடங்குவது இந்தப் பெயர்களில்தான்.

தான் கேள்விப்பட்டிராத ராஜாக்களை எழுத்தெழுத்தாகப் பொறுக்கி அடுக்கும் விரல்கள். மை. ஈரத்தாள்.

*

பட்டியலில் ராஜாக்கள் நிறைய.

சாலொமோன். ரெகொபெயாம். அபியா. ஆசா. யோசபாத். யோராம். உசியா. யோதாம். ஆகாஸ். எசேக்கியா. மனாசே. ஆமோன். யோசியா. எகோனியா.

பதினான்கு பேர். எருசலேமில் சிங்காசனத்தில் உட்கார்ந்தவர்கள்.

'ராஜா' என்ற சொல் இவர்களில் ஒருவனுக்கும் இல்லை. தாவீதுக்கு மட்டும்.

மனாசே 55 வருஷம் ஆண்டவன். இங்கே அவனுக்கு ஆமோனைப் பெற்றவன் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆமோன் ஆண்டது இரண்டே வருஷம். அவனுக்கும் அதே ஒரு வரி.

கிரீடங்கள் வெளியே கழற்றி வைக்கப்பட்டிருக்கின்றன.

*

அந்த ஒருவனுக்குக் கொடுத்த பட்டத்தின் பக்கத்திலேயே, அதே வசனத்தில், ஒரு பெண். பெயர் சொல்லப்படவில்லை.

உரியாவின் மனைவி.

பத்சேபாள் என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

உரியா ஏத்தியன். ரப்பாவின் மதில் அருகே செத்தவன். அவனைக் கொல்லச் சொல்லும் கடிதத்தை அவன் கையிலேயே கொடுத்தனுப்பினான் தாவீது. சுமந்துகொண்டு போனான். பிரித்துப் பார்க்கவில்லை.

அவன் இந்த வம்சத்தில் யாருக்கும் தகப்பன் இல்லை. யாருக்கும் பிள்ளை இல்லை. ஒரு துளி ரத்த உறவும் இல்லை. ஆனாலும் பெயர் இருக்கிறது. ராஜா என்ற சொல்லுக்கு மிக அருகில்.

மேசியாவின் வம்சவரலாற்றை எழுத உட்கார்ந்தவர் இதை மறைக்கவில்லை.

மூச்சு உள்ளே போகிறது. வெளியே வருகிறது.

*

தாமார். கைம்பெண். மாமனார் யூதாவிடம் அடமானம் கேட்கிறாள். அவன் கொடுப்பது முத்திரை மோதிரம், ஆரம், கைக்கோல்.

யூதாவை விட்டுச் செங்கோல் நீங்காது என்று யாக்கோபு மரணப் படுக்கையில் சொல்லப்போகிறான். அதற்கு வெகுகாலம் முன்பே, ஊருக்குப் போகும் வழியில், முக்காட்டுக்குள் இருக்கும் ஒருத்தியின் கையில் அந்தக் கோலும் முத்திரையும் இருக்கின்றன.

ராகாப். எரிகோவின் மதில்மேல் வீடு.

ரூத். மோவாபியர் கர்த்தருடைய சபைக்குள் வரலாகாது என்கிறது உபாகமம். அவள் மோவாபியள். பெத்லெகேமில் வாற்கோதுமை அறுப்பு. குனிந்து கதிர் பொறுக்குகிறாள். அவளுக்குக் கொள்ளுப்பேரன் தாவீது.

ராஜரத்தம் என்று சொல்கிறார்கள். அதற்குள் எத்தனை ஊர்த் தண்ணீர்.

*

வெளியே மழை வரும்போல இருக்கிறது. வரவில்லை.

*

தாவீது ஒருநாள் அரண்மனையில் உட்கார்ந்திருக்கிறான். கேதுருமரத்தால் கட்டிய அரண்மனை. போர்கள் ஓய்ந்திருக்கின்றன. தேவனுடைய பெட்டி திரைகளுக்குள் இருப்பது அவன் மனதை உறுத்துகிறது. அதற்கு ஓர் ஆலயம் கட்ட ஆசைப்படுகிறான்.

அன்று ராத்திரி நாத்தான் தீர்க்கதரிசிக்கு வார்த்தை வருகிறது. நீ கட்ட வேண்டாம். நான் உனக்கு ஒரு வீட்டை உண்டாக்குகிறேன். அது என்றைக்கும் நிற்கும்.

இரண்டு சாமுவேல், ஏழாம் அதிகாரம். பின்னால் வரும் எதிர்பார்ப்பு எல்லாம் இந்த ஓர் இரவிலிருந்து.

தாவீது உள்ளே போய்க் கர்த்தருக்கு முன்பாக உட்காருகிறான்.

*

ஒரு பெரிய வாக்கு. அதைத் தூக்கிக்கொண்டு நடக்கச் சின்னச் சின்ன மனிதர்கள்.

*

யோராமுக்கு அடுத்து உசியா என்கிறது மத்தேயு.

ராஜாக்களின் புத்தகத்தில் அப்படி இல்லை. நடுவே மூன்று பேர். அகசியா, யோவாஸ், அமத்சியா. மூவரும் கொலையுண்டவர்கள். மூவரும் ஆகாபின் வீட்டு ரத்தம் கலந்தவர்கள். அத்தாலியாளின் மகன், பேரன், கொள்ளுப்பேரன்.

யோவாஸிடம் மனது நிற்கிறது.

அகசியா செத்ததும் அத்தாலியாள் ராஜவம்சத்தார் எல்லாரையும் கொல்லத் தொடங்குகிறாள். சொந்தப் பேரப்பிள்ளைகள். கொலை நடந்துகொண்டிருக்கும்போதே அத்தை ஒருத்தி ஒரு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு படுக்கை அறைக்குள் போய்விடுகிறாள். கூடவே பாலூட்டும் தாதி.

ஆறு வருஷம் ஆலயத்துக்குள் ஒளிவு.

அந்த ஆறு வருஷமும் தாவீதுக்குச் சொன்ன வாக்கு முழுவதும் ஒரு குழந்தையின் மூச்சில் இருக்கிறது. அது உரக்க அழுதிருந்தால்.

அந்தப் பிள்ளையின் பெயர் மத்தேயுவின் பட்டியலில் இல்லை.

*

விரல் மடங்கி எண்ணுகிறது. ஆபிரகாம் முதல் தாவீது வரை 14. தாவீதுக்குப் பின் சிறையிருப்பு வரை 14. அதன்பின் கிறிஸ்து வரை 14 என்று எழுதியிருக்கிறது.

எபிரெய எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டு. தாவீது என்ற பெயரைக் கூட்டினால் 14.

மூன்றாவது அடுக்கை விரல் மறுபடி எண்ணுகிறது. சலாத்தியேலில் தொடங்கி இயேசுவில் முடித்தால் 13.

ஒன்று குறைகிறது. மரியாளைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார் ஒருவர். எகோனியாவை இரண்டு முறை எண்ணச் சொல்கிறார் இன்னொருவர்.

குறை அப்படியே இருக்கிறது. அது உறுத்தவில்லை.

*

1993. வடக்கு இஸ்ரவேலில் தேல் தான். பிற்காலச் சுவர் ஒன்றில் கட்டுமானக் கல்லாகச் செருகியிருந்த ஒரு கருங்கல் துண்டு. அராமைய எழுத்து. கிறிஸ்துவுக்கு முன் ஒன்பதாம் நூற்றாண்டு. அடுத்த வருஷம் இன்னும் இரண்டு சில்லுகள் கிடைக்கின்றன.

சீரியாவின் ராஜா ஒருவன் தன் வெற்றியைப் பொறித்து வைத்தது. தான் வீழ்த்தியவர்களைச் சொல்கிறான். அதில் 'தாவீதின் வீடு'.

வேதாகமத்துக்கு வெளியே அந்த வம்சத்தின் பெயர் கிடைத்திருக்கும் மிகப் பழைய இடங்களில் ஒன்று. அதை எழுதி வைத்தது எதிரி.

அதே கல்லில் உடைந்துபோன இன்னொரு பெயர். முன்பாதி இல்லை. வால் எழுத்துகள் மட்டும். அது அகசியா என்று படிக்கிறார்கள்.

மத்தேயு விட்டுவிட்ட மூவரில் முதலாமவன்.

ஒரு பட்டியலில் இல்லாதவன் இன்னொரு கல்லில் பாதியாய் இருக்கிறான்.

*

கை மரத்துப்போகிறது. பக்கத்தை அழுத்திப் பிடித்திருந்த கை. எடுத்து மடியில் வைக்கிறது உடம்பு. ரத்தம் திரும்பி ஓடுவது தெரிகிறது.

*

ஏசாயா அடிமரத்தைப் பற்றிச் சொல்கிறார். வெட்டுண்ட மரம். மண்ணோடு ஒட்டிய கட்டை. அதிலிருந்து ஒரு துளிர்.

அந்த மரத்துக்குத் தாவீதின் பெயரை அவர் வைக்கவில்லை. ஈசாயின் பெயரை வைக்கிறார்.

ஈசாய் ராஜா இல்லை. பெத்லெகேமில் ஆடு வைத்திருந்தவன். சாமுவேல் அபிஷேக எண்ணெயோடு வந்து நின்றபோது, மேய்ச்சலில் இருந்த கடைசிப் பையனைக் கூப்பிட வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

சிங்காசனத்துக்கும் பின்னால் போகிறது தீர்க்கதரிசனம். மகுடம் வருவதற்கு முந்திய மண்ணுக்கு.

*

பிரான்சில் சார்த்ர் பேராலயம். மேற்கு முகப்பில் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கண்ணாடிச் சாளரம். கீழே ஈசாய் படுத்திருக்கிறான். அவன் உடம்பிலிருந்து மரம் எழுகிறது. கிளைக்குக் கிளை ராஜா. மேலே மரியாள். உச்சியில் கிறிஸ்து. சுற்றிலும் நீலம்.

அழகு. மறுக்க முடியாத அழகு.

ஆனால் அந்த மரத்தில் வெட்டு விழுந்த இடம் தெரியவில்லை.

*

வெட்டு விழுந்த இடத்துக்கு மத்தேயுவில் ஒரு பெயர் இருக்கிறது. பாபிலோன் சிறையிருப்பு.

பட்டியலில் மனிதர் அல்லாத பெயர் இது. நான்கு முறை வருகிறது.

*

எகோனியா.

யோயாக்கீன் என்றும் அவன்தான். கோனியா என்றும் அவன்தான். மூன்று பெயர், ஒரு பையன்.

பதினெட்டு வயதில் ராஜா. ஆண்டது மூன்று மாதம். கிறிஸ்துவுக்கு முன் 597. நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமைச் சூழ்ந்திருக்கிறது. அம்மா நெகுஸ்தாளோடு வாசலுக்கு வெளியே வருகிறான். தன்னை ஒப்புக்கொடுக்கிறான்.

தச்சரையும் கொல்லரையும் கூடவே கொண்டுபோகிறார்கள்.

*

அவனைப் பற்றி எரேமியாவுக்கு வந்த வார்த்தை கொடியது. அவன் என் வலதுகையின் முத்திரை மோதிரமாக இருந்தாலும் கழற்றி எறிவேன். இவனைப் பிள்ளை இல்லாதவன் என்று எழுதுங்கள். இவன் சந்ததியில் ஒருவனும் தாவீதின் சிங்காசனத்தில் உட்காருவதில்லை.

யூதா தாமாருக்குக் கொடுத்த மோதிரத்தை மனது தேடுகிறது.

பிள்ளை இல்லாதவன் என்று எழுதுங்கள்.

மத்தேயு எழுதுகிறார்: எகோனியா சலாத்தியேலைப் பெற்றான்.

*

இந்த இடத்தில் விளக்கங்கள் அவசரப்படுகின்றன.

சாபம் மன்னிக்கப்பட்டது என்கிறார்கள். யோசேப்பின் ரத்தத்தில் பிறக்காததால் சாபம் பிள்ளையைத் தொடவில்லை என்கிறார்கள். சிங்காசனம் என்றது எருசலேமின் சிங்காசனத்தை மட்டும் என்கிறார்கள்.

எல்லாம் யோசித்துச் சொன்னவை. எல்லாம் கவனமாய்க் கேட்க வேண்டியவை.

பெயர் மட்டும் வரிசையில் நிற்கிறது. சுற்றி வர ஒரு வழி இருந்தும் மத்தேயு சுற்றிப் போகவில்லை.

*

பாபிலோன். இஷ்தார் வாசலுக்குப் பக்கத்தில், அரண்மனையின் கல்தள வளைவுகளுக்கு அடியில், களிமண் பலகைகள். ராபர்ட் கோல்டவேயின் அகழ்வில் வெளிவந்தவை. 1939-ல் எர்ன்ஸ்ட் வைட்னர் படித்துப் பதிப்பித்தார்.

ஆப்பெழுத்து. உள்ளங்கைக்குள் அடங்குகிற கணக்கு. யாருக்கு எவ்வளவு எண்ணெய்.

அர்வாத் ஊர்த் தச்சர் மூவருக்கு ஒன்றரை சிலா. ஆளுக்கு அரை.

யூதாவின் ராஜகுமாரர் ஐவருக்கு இரண்டரை சிலா.

சிலா என்பது ஒரு லிட்டருக்கு அருகில் வரும் அளவு. பகிர்ந்தால் இளவரசனுக்கும் அரை. தச்சனுக்கும் அரை.

அவர்களுடைய தகப்பன் எகோனியாவுக்குப் பல மடங்கு கூடுதல். அவன் பெயரும் இருக்கிறது. யாவுகின். வேறொரு பலகையில் யூதா தேசத்து ராஜா என்றே போட்டிருக்கிறது.

*

இந்தக் கணக்கை எழுதியவனுக்கு வாக்குத்தத்தம் தெரியாது. நாத்தானைத் தெரியாது. சாயங்காலத்துக்குள் பங்கீட்டை முடிக்க வேண்டும். ஈரக் களிமண்ணில் நாணல் குச்சியை அழுத்துகிறான்.

ஐவரில் ஒருவன் சலாத்தியேலாக இருக்கலாம். பெயர்கள் போடப்படவில்லை. எண்ணிக்கை மட்டும்.

தாவீதின் வீடு அந்த நாளில் எங்கே இருக்கிறது என்று கேட்டால், இங்கே இருக்கிறது. இரண்டரை சிலா எண்ணெயில்.

இதைப் படிக்கும்போது தொண்டையில் ஏதோ அடைக்கிறது. அது அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறது மனது.

*

எருசலேமின் கடைசி ராஜா சிதேக்கியா. எகோனியாவின் சிற்றப்பன். ரிப்லாவில் அவன் கண் முன்னால் அவன் பிள்ளைகளைக் கொல்கிறார்கள். பிறகு அவன் கண்களைக் குருடாக்குகிறார்கள்.

அவன் கடைசியாகப் பார்த்தது அது.

*

எண்பத்தொன்பதாம் சங்கீதம் துதியோடு தொடங்குகிறது. தாவீதோடு செய்த உடன்படிக்கை, சூரியனைப்போல் நிலைக்கும் சிங்காசனம். பாதிக்கு மேல் போனதும் குரல் மாறுகிறது. கிரீடம் தரையில் கிடக்கிறது. மதில்கள் இடிந்திருக்கின்றன. ஆணையிட்டீரே, அது எங்கே.

சங்கீதத்துக்குள் பதில் வருவதில்லை.

அதை ஆராதனைப் புத்தகத்தில் அப்படியே விட்டு வைத்தவர்கள்மேல் பெரிய மரியாதை வருகிறது.

*

37 வருஷம் கழிகிறது.

புதிதாகப் பட்டத்துக்கு வந்த பாபிலோன் ராஜா எகோனியாவைக் காவலிலிருந்து எடுக்கிறான். சிறை உடுப்பை மாற்றுகிறார்கள். அதன்பின் உயிரோடிருந்த நாளெல்லாம் அந்த ராஜாவின் மேசையில் அவனுக்குச் சாப்பாடு.

ராஜாக்களின் புத்தகம் இங்கே முடிகிறது. வேறொன்றும் சொல்லாமல்.

ஐம்பத்தைந்து வயது மனிதன். வேற்று ராஜாவின் மேசை. தட்டில் அன்றன்றைய பங்கு.

*

மழை வந்துவிட்டது. தகரத்தில் விழுகிற சத்தம் முதலில் தனித்தனியாக. பிறகு சேர்ந்து.

*

சொரொபாபேல். எகோனியாவின் பேரன். பெர்சியர் காலத்தில் யூதேயாவுக்கு அதிபதி. ராஜா இல்லை. கிறிஸ்துவுக்கு முன் 520-ல் ஆகாய் அவனிடம் சொல்கிறார்: கர்த்தர் உன்னை முத்திரை மோதிரமாக வைப்பார்.

கழற்றி எறிந்த மோதிரம்.

ஆலயம் கட்டி முடிகிறது. எஸ்றாவின் புத்தகத்தில் பிரதிஷ்டை விவரம் இருக்கிறது. எத்தனை காளை, எத்தனை ஆட்டுக்கடா என்றுகூட இருக்கிறது. அந்தப் பகுதியில் சொரொபாபேலின் பெயர் இல்லை. எங்கே போனான் என்று யாரும் எழுதவில்லை.

*

இனி வருகிறவர்கள்.

அபியூத். எலியாக்கீம். ஆசோர். சாதோக். ஆகீம். எலியூத். எலெயாசார். மாத்தான். யாக்கோபு.

ஒன்பது பெயர். ஐந்நூறு வருஷம்.

இவர்களைப் பற்றி வேறெங்கும் ஒரு வரி கிடையாது. நாளாகமத்தில் சொரொபாபேலின் பிள்ளைகள் பட்டியல் உண்டு. அதில் அபியூத் இல்லை.

என்ன வேலை செய்தார்கள். எந்த ஊரில் இருந்தார்கள். தாங்கள் தாவீதின் வீடு என்று பிள்ளைகளுக்குச் சொன்னார்களா. அதைக் கேட்டு அந்தப் பிள்ளைகள் என்ன நினைத்தார்கள்.

பெர்சியர் போகிறார்கள். கிரேக்கர் வருகிறார்கள். மக்கபேயர் ஆள்கிறார்கள், லேவி குடும்பம். பிறகு ரோமர்.

ஆகீம் எலியூத்தைப் பெற்றான்.

*

ஒவ்வொரு பெயரையும் ஒரு மூச்சுக்கு ஒன்றாகச் சொல்லிப் பார்க்கையில், ராஜாக்களின் பெயரை விட இவை மெதுவாகப் போகின்றன. ராஜாக்களுக்குக் கதை இருக்கிறது. கதை மனதை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. ஆசோருக்குக் கதை இல்லை.

ஆசோர்.

நாக்கு மேலண்ணத்தை லேசாகத் தொட்டதுமே முடிந்துவிடுகிற பெயர்.

*

லூக்கா வேறு வழி போகிறார். கீழிருந்து மேலே. யோசேப்பிலிருந்து ஆதாம் வரை, அங்கிருந்து தேவன் வரை.

தாவீதைத் தாண்டும்போது சாலொமோன் வழியில் வரவில்லை. நாத்தான் வழியில் வருகிறார். தாவீதின் இன்னொரு மகன் நாத்தான். சிங்காசனத்தில் ஒருநாளும் உட்காராதவன்.

இரண்டு பட்டியலையும் பொருத்த மூன்றாம் நூற்றாண்டில் ஜூலியஸ் ஆப்ரிக்கானுஸ் முயன்றார். பிள்ளையில்லாமல் இறந்த சகோதரனுக்காக அவன் மனைவியை மணந்து சந்ததி எழுப்பும் வழக்கத்தைக் கொண்டு விளக்கினார். பிறகு வந்தவர்கள் வேறு விதமாக விளக்கினார்கள்.

இரண்டும் ஒரே புத்தகத்தில் இருக்கின்றன. ஒன்று மற்றதைத் திருத்தவில்லை.

*

ஆப்ரிக்கானுஸ் இன்னொன்றும் எழுதி வைத்தார். ஏரோது வம்ச ஏடுகளை எரித்துவிட்டானாம். ஏதோமியன் மகன், தனக்கு முன்னோர் பெருமை இல்லாததால். சிலர் பெயர்களை நினைவில் வைத்திருந்தார்கள், அல்லது ரகசியப் பிரதி வைத்திருந்தார்கள். நாசரேத்து, கோகாபா என்ற கிராமங்களில் இருந்த கர்த்தருடைய உறவினரும் அவர்களில் உண்டு என்கிறார்.

நடந்ததோ இல்லையோ. எரிகிற ஏடுகளும், வாய்க்குள் பெயர் சொல்லிக்கொள்ளும் கிழவரும் மனதில் கொஞ்ச நேரம் இருக்கிறார்கள். பிறகு போகிறார்கள்.

*

பெற்றான், பெற்றான் என்று 39 முறை.

யோசேப்பிடம் வந்ததும் நிற்கிறது.

அவன் பெற்றான் என்று இல்லை. மரியாளின் புருஷன் என்று இருக்கிறது. அவளிடத்தில் இயேசு பிறந்தார் என்று இருக்கிறது.

தாவீதிலிருந்து இத்தனை தலைமுறை சுமந்துவந்த ரத்தம், கடைசி அடி இருக்கையில் நின்றுவிடுகிறது.

பிறகு எதற்கு இத்தனை பெயர்.

கேள்வி எழுகிறது. அதை விரட்டவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.

*

யோசேப்பு தூங்குகிறான். கனவில் தூதன் அவனைத் தாவீதின் குமாரன் என்று கூப்பிடுகிறான். இந்தச் சுவிசேஷத்தில் இயேசுவைத் தவிர வேறு யாருக்கும் அந்தப் பெயர் சொல்லப்படுவதில்லை. அவனுக்கு மட்டும், ஒரே முறை, தூக்கத்தில்.

கேட்கப்படுவது இரண்டே காரியம். அவளைச் சேர்த்துக்கொள். பிள்ளைக்குப் பெயரிடு.

பெயரிடுகிறவன் தகப்பன். யூதரின் வழக்கில் அது போதும். பிள்ளை தாவீதின் வீட்டுப் பிள்ளையாகிறது.

யோசேப்பு பதில் சொல்லவில்லை. சுவிசேஷம் முழுவதும் அவன் பேசுவதே இல்லை. எழுந்திருக்கிறான். செய்கிறான்.

ராஜ உரிமை கடைசியில் ஒரு தச்சனின் சம்மதத்தில் வந்து நிற்கிறது. அவன் முடியாது என்றும் சொல்லியிருக்கலாம்.

*

அர்வாத் தச்சருக்கு அரை சிலா.

*

முதலாம் நூற்றாண்டின் கடைசி. ரோமில் தொமித்தியான் ஆள்கிறான். தாவீதின் வம்சத்தார் என்று இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். இயேசுவின் சகோதரன் யூதாவின் பேரர்கள். எகேசிப்பு சொன்னதாக யூசேபியு எழுதி வைத்திருக்கிறார்.

தாவீதின் குடும்பமா என்று கேள்வி. ஆம் என்கிறார்கள்.

என்ன சொத்து. இருவருக்குமாக 9000 தெனாரி மதிப்பு. பணமாக இல்லை. 39 பிளெத்ரா நிலம். உழுது வரி கட்டுகிறோம்.

கைகளை நீட்டிக் காட்டுகிறார்கள். உள்ளங்கையில் காய்ப்பு.

சக்கரவர்த்தி அந்தக் கைகளைப் பார்க்கிறான். இவர்களால் ஆபத்தில்லை. அனுப்பிவிடுகிறான்.

உண்மையில் அவர்களைப் பற்றி அவன் அறிந்துகொண்டது எவ்வளவு. கைகள் எல்லாவற்றையும் சொல்லின. அவன் பாதியைப் படித்தான்.

*

மழை விடுகிறது. தகர விளிம்பிலிருந்து மட்டும் இன்னும் சொட்டு.

*

'தாவீதின் குமாரன்' என்று மத்தேயுவில் இயேசுவைக் கூப்பிடுகிறவர்கள் யார் என்று பக்கங்கள் புரளுகின்றன.

பரிசேயர் இல்லை. ஏரோதின் ஆட்கள் இல்லை.

எரிகோவுக்கு வெளியே வழியோரம் உட்கார்ந்திருக்கும் இரண்டு குருடர். ஜனங்கள் அதட்டுகிறார்கள். இன்னும் உரக்கக் கூப்பிடுகிறார்கள்.

ஆலயத்துக்குள் சிறுபிள்ளைகள். ஆசாரியருக்குக் கோபம் வருகிறது.

அதே ஆலயத்தில், அதே வேளையில், குருடரும் சப்பாணிகளும் அவரிடம் வருகிறார்கள் என்று ஒரு வசனம். தாவீது எருசலேமைப் பிடித்த நாளில் குருடரும் சப்பாணிகளும் வீட்டுக்குள் வரலாகாது என்று ஒரு சொல் உண்டாயிற்று. சாமுவேலின் புத்தகத்தில் இருக்கிறது.

இப்போது உள்ளே வருகிறார்கள். தாவீதின் பெயர் ஒலிக்கும் இடத்துக்கு.

*

தீரு, சீதோன் திசை. ஒரு கானானியப் பெண் பின்னாலேயே வருகிறாள். தாவீதின் குமாரன் என்று கூப்பிடுகிறாள். அவளுக்கும் தாவீதுக்கும் என்ன. எல்லைக்கு அப்பால் இருப்பவள். ராகாபின் ஜனம்.

வீட்டில் மகள் வேதனைப்படுகிறாள்.

அவர் ஒரு வார்த்தையும் பதில் சொல்லவில்லை. சீஷர்கள் அனுப்பிவிடச் சொல்கிறார்கள். பிறகு பிள்ளைகளின் அப்பத்தைப் பற்றிய அந்தக் கடினமான வார்த்தை. எத்தனை முறை வாசித்தாலும் அது கடினமாகவே இருக்கிறது.

மேசையிலிருந்து விழும் துணிக்கை போதும் என்கிறாள்.

பாபிலோனில் வேற்று ராஜாவின் மேசையில் எகோனியாவுக்கு முன்னால் இருந்த தட்டு வந்து போகிறது. எதற்கு வந்தது என்று தெரியவில்லை.

அவர் அவள் விசுவாசம் பெரிது என்கிறார். அந்த நேரமே மகள் குணமாகிறாள்.